கார் ஷெட்டில் கருவிப் பெட்டி: வாசகர் கேள்வி–பதில்

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்தக் கருவிகளை எதில் வைப்பது, எப்படி அடுக்குவது என்றே கேட்டிருந்தன. ஒன்றையொன்று ஒத்தவற்றை விலக்கி, ஐந்து கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீடு கட்டிக் குடிவந்து ஓராண்டாகிறது. பத்தடி அகலத்தில் கார் ஷெட் போட்டிருக்கிறோம். ஒரு ஸ்விஃப்ட் காரும் ஒரு பைக்கும் ஒரு ஸ்கூட்டரும் இருக்கின்றன. கட்டட வேலையின்போது வாங்கியவை, மாமனார் கொடுத்தவை, வண்டிகளுடன் வந்தவை என எல்லாக் கருவிகளும் இரண்டு பெயின்ட் வாளிகளிலும் ஒரு சிமென்ட் சாக்கிலும் கிடக்கின்றன. கடையில் ஏழு டிராயர்களும் சக்கரங்களும் வைத்த கேபினட் ஒன்றைப் பார்த்தேன். அதே கடையில், திறந்தால் இருபக்கமும் படிப்படியாக விரியும் ஐந்து தட்டு இரும்புப் பெட்டியும் இருந்தது. அதன் விலை கேபினட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதை வாங்கலாம்? எப்படி அடுக்கலாம்?
— வாசகர், சரவணம்பட்டி, கோவை

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டில் பழைய போர்வை ஒன்றை விரித்து, இரண்டு வாளிகளையும் சாக்கையும் அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். மூன்று கட்டிங் பிளேயர்களும் நான்கு டெஸ்டர்களும் இருப்பதும், ஒரு 10 மி.மீ. ஸ்பேனர்கூட இல்லாதிருப்பதும் அப்போதுதான் தெரியவரும். (பாட்டரி முனையிலிருந்து தொடங்கி, காரில் அடிக்கடி கை போகும் இடங்களிலெல்லாம் தேவைப்படுவது 10 மி.மீ.தான். எந்த ஷெட்டிலும் முதலில் காணாமல் போவதும் அதுவே.)

பரப்பியவற்றை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். வேலை ஷெட்டுக்கு வந்து சேருமானால் அதற்கான கருவிகள் ஒரு குவியல். வேலை இருக்குமிடத்துக்குக் கருவி போக வேண்டியிருந்தால் அவை இன்னொரு குவியல். காரும் பைக்கும் ஷெட்டுக்கு வந்து நிற்கும். ஒழுகும் குழாயும், தளர்ந்துபோன சுவிட்சும், மொட்டை மாடித் தொட்டியின் மிதவை வால்வும் வரமாட்டா. முதல் குவியலுக்கு உரியது கேபினட். இரண்டாவதற்கு உரியது கையில் தூக்கும் பெட்டி. இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்க முயல்பவர்கள், தொட்டி வால்வை மாற்றுவதற்காகப் பாக்ஸ் ஸ்பேனர் செட்டையும் சேர்த்து மாடிக்குச் சுமக்கிறார்கள், அல்லது வெறுங்கையுடன் ஏறி நான்கு முறை இறங்குகிறார்கள்.

எனவே முதலில் ஐந்து தட்டுப் பெட்டியை வாங்குங்கள். அதில் பைப் ரெஞ்ச், ஸ்க்ரூ ஸ்பேனர், டெஃப்லான் டேப், ஹாக்ஸா, இரண்டு ஸ்க்ரூ டிரைவர்கள், டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், சிறு சுத்தியல் ஆகியவை போதும். மின்சார வேலைக்கென வைக்கும் பிளேயரின் கைப்பிடியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; குறி இல்லாத பிளாஸ்டிக் உறை பிடித்துக்கொள்ள வசதியாக இருக்குமே தவிர, உயிரைக் காக்கும் என்று நம்ப முடியாது. பெட்டி நிறைந்தபின் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். பாதி வழியில் கை மாற்றத் தோன்றினால் எதையாவது வெளியே எடுத்துவிட வேண்டும்.

கேபினட்டை ஆறு மாதம் கழித்து வாங்குவதே என் யோசனை. அதற்குள் காரில் எந்தெந்த வேலையை நீங்களே செய்வீர்கள், எதற்கு மெக்கானிக்கிடம் போவீர்கள் என்பது தெளிவாகிவிடும். பெட்டி பளபளப்பாக நிற்க, உள்ளே இரண்டு டிராயர்கள் மட்டும் நிறைந்திருக்கும் ஷெட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்கப் போகும்போது, நிறத்தையும் டிராயர்களின் எண்ணிக்கையையும் பார்க்காமல், ஒரு டிராயரை முழுவதும் வெளியே இழுத்து அதன் முன்விளிம்பை உள்ளங்கையால் கீழே அழுத்துங்கள். டிராயர் ஓடும் பாதை, எஃகுக் குண்டுகளின்மேல் உருளும் பால் பேரிங் சேனல் என்றால் டிராயர் சற்றே தாழ்ந்து, விட்டவுடன் பழைய நிலைக்கு வரும். தகரத்தை மடித்துச் செய்த வெறும் சறுக்குப் பாதை என்றால் பக்கவாட்டில் ஆடும், கிறீச்சிடும். வீட்டு உபயோகத்துக்கு ஒரு ஜோடி சேனல் 35 கிலோ தாங்கினால் போதுமானது. அடுத்து, டிராயரின் அடித்தகட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ‘டப்’பென்று உள்வாங்கினால் தகடு மெல்லியது என்று பொருள். 20 கேஜ் தகடு ஏறத்தாழ 0.9 மி.மீ., 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ. தடிப்பு கொண்டது, கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பதைக் கடைக்காரர் தலைகீழாகச் சொன்னால் திருத்திவிடுங்கள். கேபினட்டின் கூடும் சுவரும் 20 கேஜாக இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன்; அதைவிட மெல்லியதை வாங்க மாட்டேன்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, ஒரு டிராயர் திறந்திருக்கும்போது மற்றவை திறக்காதபடி தடுக்கும் உள்பூட்டு இருக்கிறதா என்பது. எங்கள் வீட்டுக் கேபினட்டில் அது இல்லை. நீட்டுக் கம்பி ஒன்றைத் தேடி மேல் மூன்று டிராயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துவிட்டு, அவற்றை மூடாமலே நான்காவதை இழுத்தேன். மொத்தப் பெட்டியும் மெல்ல முன்னால் சாய்ந்தது. முழங்காலைக் கொடுத்துத் தாங்கி, ஒரு கையால் மேல் டிராயரை உள்ளே தள்ளியபின்தான் அது நிமிர்ந்தது. முழங்காலில் இருந்த நீலத் தழும்பு மறைய மூன்று வாரங்களாயின. மறுநாளே அதன் முதுகுத் தகட்டைச் சுவரில் இரண்டு ஆங்கர் போல்ட்டுகளால் பிணைத்துவிட்டேன். அதன்பின் சக்கரங்கள் வெறும் அலங்காரமாகிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் வீட்டு ஷெட்டில் கேபினட்டை நகர்த்த வேண்டிய தேவை எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது?

இடத்தையும் அளந்துவிட வேண்டும். ஸ்விஃப்ட் காரின் அகலம் 1,735 மி.மீ. பத்தடி என்பது ஏறத்தாழ 3,050 மி.மீ. காரை நடுவில் நிறுத்தினால் இருபுறமும் ஏறக்குறைய 650 மி.மீ. மிஞ்சும். ஒன்றரை அடி ஆழமுள்ள கேபினட்டைப் பக்கச் சுவரில் சாய்த்து வைத்தால் கார்க் கதவும் திறக்காது, டிராயரும் திறக்காது. காரின் மூக்குப் பக்கச் சுவரே அதற்கு உரிய இடம். அங்கும் கேபினட்டின் ஆழம், வெளியே இழுத்த டிராயரின் நீளம், நீங்கள் நிற்க ஒன்றரை அடி என மூன்றையும் கூட்டிப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

அடுக்குவதைப் பொறுத்தவரை, கனமானவை கீழே என்பது மாறாத விதி. டிரில்லிங் மெஷின், கிரைண்டர், பெரிய சுத்தியல், ஜாக்கி ஆகியவை அடி டிராயருக்கு உரியவை. மேல் டிராயரில் நாள்தோறும் கை போகும் ஸ்க்ரூ டிரைவர், பிளேயர், எல்-கீ, அளவு நாடா ஆகியவை. இரண்டாவதில் ஸ்பேனர்கள், மூன்றாவதில் பாக்ஸ் ஸ்பேனர்களும் ராட்செட்டும். அரை அங்குலச் சதுர முனை கொண்ட 19 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர்கூட நாலு செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும் என்பதால், இவற்றுக்கு இரண்டங்குல உயர டிராயர் போதும். ஆழமான டிராயரில் ஸ்பேனர்களைப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மறுபடியும் பெயின்ட் வாளியாகிவிடும்.

நான் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த நூற்பாலையில், சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்டில் வரைந்து, அதன்மேல் அந்தக் கருவியை மாட்டியிருப்போம். ஷிப்டு முடியும்போது, காலியாகத் தெரியும் உருவமே எது திரும்பவில்லை என்று சொல்லிவிடும். வீட்டு டிராயரிலும் அதைச் செய்யலாம். பழைய யோகா பாயை டிராயர் அளவுக்கு வெட்டி விரித்து, ஸ்பேனர்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு இழுத்து, பக்கத்தில் அளவை எழுதிவிடுங்கள். நேர்த்தியாக வேண்டுமென்றால் இரு நிற ஈவிஏ ஷீட்டுகளை (மென்மையான நுரைத் தகடுகளை) ஒட்டி, மேல் ஷீட்டில் மட்டும் உருவங்களை வெட்டியெடுக்கலாம். ஆனால் புதிதாக ஒரு கருவி சேரும்போதெல்லாம் மறுபடியும் வெட்ட வேண்டிவரும். எனக்குக் கோடு போட்ட பாயே பிடித்திருக்கிறது.

ஒரு டிராயரைக் காலியாக விடுங்கள். பெட்ரோல், தின்னர் போன்றவற்றைக் கேபினட்டில் வைக்கவே கூடாது. பாட்டரியில் இயங்கும் டிரில் வைத்திருந்தால், அதன் லித்தியம் பாட்டரியை மட்டும் வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். தகரக் கூரையின் கீழே சித்திரை வெயில் அதற்கு ஆகாது.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் எங்கள் வீடு. நல்ல கம்பெனி ஸ்பேனர்கள்கூடப் பெட்டிக்குள்ளேயே துருப்பிடிக்கின்றன. பெட்டியை மாற்ற வேண்டுமா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பெட்டியை மாற்றுவதற்கு முன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். வெறுந்தரையில் வைத்த இரும்புப் பெட்டி இரவில் குளிர்ந்து, காலையில் ஈரக்காற்று பட்டவுடன் உள்ளும் புறமும் வியர்க்கும். உப்புக் காற்றில் அந்த வியர்வை போதும். பெட்டியை மரப்பலகையின்மேல் நான்கு அங்குலமாவது உயர்த்தி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

அடுத்து, உள்ளே விரித்திருப்பது என்ன? செய்தித்தாளும் சாக்குத்துணியும் ஈரத்தை உறிஞ்சிக் கருவியின் அடியிலேயே பிடித்து வைத்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டு ரப்பர் பாயோ ஈவிஏ ஷீட்டோ போடுங்கள். ஒவ்வொரு டிராயரிலும் சிலிக்கா ஜெல் பை ஒன்று இருக்கட்டும். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியபின் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம்.

கருவியை வேலை முடிந்ததும் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் நனைத்த துணியால் ஒரு முறை தடவி வைக்க வேண்டும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம். சில மாதங்களில் பிசுக்காகித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். டபிள்யூடி-40 தெளித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது நீரை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. நனைந்த கருவிக்கு நல்லது. ஆனால் மெல்லிய படலம் என்பதால் கடலோரத்தில் நெடுநாள் காவலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், ஷெட்டின் மூலையில் கழிவறை கழுவும் ஆசிட் புட்டிகளை வைத்திருப்பதாகப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் துருவுக்குக் கடலைவிட அந்தப் புட்டிகளே காரணமாக இருக்கலாம். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் ஆவி சிறிது சிறிதாகக் கசிந்து, அறையிலுள்ள இரும்பையெல்லாம் தின்றுவிடும். இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். இன்வெர்ட்டர் பாட்டரி அதே ஷெட்டில் இருந்தால் அதையும் கருவிப் பெட்டியிடமிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஏற்கெனவே துருப்பிடித்தவற்றைக் கெட்டியான புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் தேங்காய் நாரால் தேயுங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதுதான். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். குரோம் பூச்சு உரிந்துகொண்டிருக்கும் ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அந்தச் செதில் பிளேடைப் போலக் கையைக் கிழிக்கும்.

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தை மில்லில் பிட்டராக இருந்தவர். அவருடைய தேக்குப் பெட்டி நிறைய ஸ்பேனர்கள் இருக்கின்றன. ஒன்றிலும் மில்லிமீட்டர் அளவு இல்லை. 1/4 டபிள்யூ, 3/8 டபிள்யூ என்றெல்லாம் பொறித்திருக்கிறது. என் மகன் புது டூல் செட்டுடன் இவற்றையும் கலந்து வைத்திருக்கிறான். இவற்றால் இன்னும் பயன் உண்டா?
— வாசகி, ராஜபாளையம்

பதில்: முதலில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள் அம்மா, கலந்து வைப்பதில்தான் ஆபத்து. டபிள்யூ என்பது விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-இல் முன்வைத்த மரை அளவு முறையின் பெயர் அது. நம் பழைய ஆலைகளின் இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை என்பதால், அவற்றுடன் அந்த ஸ்பேனர்களும் வந்தன. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் இந்தியாவில் 1956-இல்தான் இயற்றப்பட்டது. அதற்குப் பிறகும் ஆலைகளில் விட்வொர்த் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஸ்பேனர்களைப் புரிந்துகொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய ஸ்பேனரில் 13 என்று பொறித்திருந்தால், அதன் வாய் 13 மி.மீ. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது வாயின் அளவன்று, போல்ட்டின் விட்டம். 1/4 டபிள்யூ ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.3 மி.மீ. உங்கள் மகன் அதை 13 மி.மீ. நட்டில் மாட்டினால் மாட்டும். பலம் கொடுத்தவுடன் நழுவி, நட்டின் ஆறு மூலைகளையும் மழித்துவிடும். 3/8 டபிள்யூ மட்டும் 18 மி.மீ.-க்கு மிக நெருங்கி வரும். பெட்டியில் டபிள்யூ குறி இல்லாமல் வெறும் அங்குல அளவு பொறித்தவையும் சில இருக்கலாம். அவற்றில் எண் வாயின் அளவைக் குறிக்கும். 3/4 அங்குலம் 19 மி.மீ. நட்டுக்கும், 7/16 அங்குலம் 11 மி.மீ. நட்டுக்கும் நன்றாகவே பொருந்தும்.

பழைய லேத், பழைய பம்ப், ஆரம்பகால புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஸ்பேனர்கள் அரிய பொருள். அவர்களில் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும். மற்றபடி, தேக்குப் பெட்டியிலேயே அவற்றை வைத்து, ஒவ்வொன்றின் கைப்பிடி நடுவிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு பட்டை தீட்டிவிடுங்கள். கேபினட்டில் சிவப்புப் பட்டை தெரிந்தால் உரிய பெட்டிக்குத் திரும்பிவிடும். ஸ்பேனரின் ஓரத்தில் ஓர் எழுத்து புள்ளிப் புள்ளியாகக் குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆலைப் பணிமனையில் கருவி கைமாறிவிடாமல் இருக்க, பிட்டர்கள் சென்டர் பஞ்சால் தம் பெயரின் முதலெழுத்தைக் குத்தி வைப்பது வழக்கம். அது இருந்தால், துரு நீக்குகிறேன் என்று உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டாம்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். ஷெட் கிடையாது, தரைத்தளத்தில் பார்க்கிங் மட்டும். அங்கே பெட்டி வைக்கச் சங்கம் அனுமதித்திருக்கிறது. எப்படிப்பட்ட பெட்டி நல்லது?
— வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் உங்கள் பகுதியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பழைய குடியிருப்பாளர்களைக் கேட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். இதற்குச் சக்கர கேபினட் சரிப்படாது. தூணிலோ சுவரிலோ, சங்கத்தின் ஒப்புதலோடு, பூட்டுப் போடக்கூடிய சிறிய அலமாரியை மார்பு உயரத்தில் பொருத்தி, காற்றடிக்கும் பம்ப், வீல் ஸ்பேனர், ஜம்பர் கேபிள் ஆகியவற்றை மட்டும் அதில் வையுங்கள். மற்றவை கைப்பெட்டியில் வீட்டுக்குள் இருக்கட்டும். பாரிமுனைப் பக்கம் போனால், லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் பெட்டிகளைக் கையில் எடுத்து, திறந்து மூடிப் பார்த்து வாங்கலாம். படத்தைப் பார்த்து வாங்கும் பெட்டியின் கொக்கி எப்படிப்பட்டது என்பது பெட்டி வீடு வந்தபின்தான் தெரியும்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு ஒவ்வோர் ஆண்டும் கருவிகளை எல்லாம் வெளியே எடுத்து அடுக்கிப் பொட்டு வைக்கிறோம். பூஜை முடிந்த சில வாரங்களில், பொட்டு வைத்த இடத்திலேயே சில ஸ்பேனர்களில் வட்டமாகத் துரு தெரிகிறது. ஏன்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: குழைத்த சந்தனத்தில் இருக்கும் ஈரம்தான் காரணம். அது காய்ந்து ஒட்டிக்கொண்டபின், காற்றிலுள்ள ஈரத்தையும் பஞ்சுபோலப் பிடித்துவைக்கிறது. பூச்சில்லாத இரும்பில் அந்த வட்டத்துக்குள் துரு தொடங்கிவிடும். ஸ்பேனரின் வாயிலோ அரத்தின் பற்களிலோ வைக்காமல், சுத்தியலின் மரப்பிடியிலும் பெயின்ட் அடித்த பெட்டி மூடியிலும் பொட்டு வையுங்கள். மறுபூஜை முடிந்த அன்றே கருவிகளைத் துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள்.

எல்லாம் வெளியே வந்து வரிசையில் நிற்கும் அந்த ஒரு நாளை வேறொன்றுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பூஜைக்கு முன்னால், போன ஆண்டு பூஜைக்குப் பிறகு தொடாத கருவிகளைத் தனியே ஒரு தாம்பாளத்தில் வைப்போம். அவற்றிலிருந்து ஒன்றோ இரண்டோ தெரிந்த பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போகும். மிச்சம் அடி டிராயருக்குப் போகும். சென்ற ஆண்டு அந்தத் தாம்பாளத்தில் மூன்று டெஸ்டர்களும், விளிம்பு மழுங்கிய ஓர் உளியும், எதற்காக வாங்கினேன் என்று எனக்கே நினைவில்லாத 32 மி.மீ. ரிங் ஸ்பேனர் ஒன்றும் இருந்தன. ஸ்பேனரை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.